பகையியலும் பொறியியலும்: மேசைக் கதையாட்டத்துக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். முறைப்படி அதைச் சொல்லிவிடுவோம். நுதலிய பொருள்: கற்பனை உலகக் கதையாட்டத்தில் வில்லன்களையும் இயந்திரங்களையும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பொருத்துவது. எல்லை: மேசையின் நான்கு விளிம்புகள். கேட்போர்: வரும் சனிக்கிழமை ஆட்டம் நடத்தியே தீரவேண்டியவர், அவரிடம் அகப்பட்டவர்கள். பயன்: அந்தச் சனிக்கிழமை எப்படியாவது கழிவது. யாப்பு: இடையிடையே நூற்பா, மற்றதெல்லாம் உரை. நூற்பா இயற்றியவரே உரையும் எழுதுவதால், வேறு பொருள் கூறுவாரும் உளர் என்ற தொல்லை இங்கே இல்லை.

ஆட்டம் அறியாதாருக்கு ஒரு விளக்கம். ஒருவர் உலகத்தை நடத்துவார். மலை எங்கே இருக்கிறது, மன்னன் யார், கதவுக்குப் பின்னால் என்ன உறுமுகிறது என்பதெல்லாம் அவர் வாக்கு. அவரை டஞ்சன் மாஸ்டர் என்பர். இந்நூல் நடத்துநர் என்னும். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் நுழைந்து, தாம் செய்வதை வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற ஐயம் எழுந்தால் இருபது முகப் பகடை தீர்ப்பு சொல்லும். இந்த வகை ஆட்டத்தின் மூத்த நூலான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. இயற்றியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர். முதலில் அச்சானவை ஆயிரம் பெட்டிகளே. அன்று முதல் உலகின் தொன்மங்கள், திகில் படங்கள், அறிவியல் புனைகதைகள், பொம்மைக் கடைகள் எல்லாவற்றிலிருந்தும் வில்லன்களும் பொறிகளும் இந்த மேசைக்கு வந்து குவிந்தபடி இருக்க, அவற்றை வகுத்துரைக்க ஒருவரும் முன்வராததால் இந்நூல் எழுந்தது.

இதுவரை வழங்கும் பாகுபாடு தோற்றம் பற்றியது. வில்லன் என்றால் பேய், டிராகன், கெட்ட மந்திரவாதி. பொறி என்றால் துப்பாக்கி, கப்பல், ரோபோ. இது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவதற்கு ஒப்பாகும். இந்நூல் கொள்ளும் அளவுகோல் வேறு.

பகையும் பொறியும் பலகை ஏறின்
நடத்துநன் கையில் நில்லா; நாளடைவில்
ஆடுநர் கைப்படும், அஃதறிந்து வகுக்க.

உரை: நடத்துநர் வில்லன் கையில் ஒரு கதிர்த் துப்பாக்கியைக் கொடுத்தால், அன்று நள்ளிரவுக்குள் அது திருடன் பாத்திரம் ஆடுபவரின் மூட்டையில் இருக்கும். நடத்துநர் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு கொடுங்கோல் அமைச்சனை உருவாக்கினால், இரண்டாவது அமர்விலேயே ஆட்டக்காரர்கள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், மூன்றாவது அமர்வில் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஆதலால் எங்கிருந்து வந்தது, கைமாறியபின் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்வியே வகுப்பதற்கு ஆதாரம் என்க.

பகையியல்

பெயரொடு வந்தோன், ஊரொடு வந்தோன்,
உறுப்பொடு வந்தோன், கடையில் வாங்கியோன்
எனநால் வகைத்தே வந்தேறு பகையே.

பெயரொடு வந்தோன் என்பவன், தன் ஊரில் வேறு ஆளாக இருந்து, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மேசை ஏறியவன். மெசப்பொத்தேமியத் தொன்மத்தில் தியாமத் என்பவள் ஆதிக் கடல். இந்த ஆட்டத்தில் அவள் ஐந்து தலை டிராகன் அரசி. பெயர் வந்தது, கடல் வரவில்லை.

இவ்வகையில் நாம் நின்று பார்க்க வேண்டியவன் நமக்குத் தெரிந்த ராட்சசன். அவன் வந்த வழி நேர்வழி அன்று. 1974 டிசம்பரில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. சிகாகோவில் முதியவர்கள் வசிக்கும் பகுதி ஒன்றில் ராட்சசன் புகுந்து ஆட்களைத் தின்கிறான். எதிரே நிற்பவர் யாரை முழுதாக நம்புகிறாரோ அவர் உருவில் தோன்றுகிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால்தான் சாவான். அடுத்த ஆண்டே கைகாக்ஸின் நிறுவனமான டிஎஸ்ஆர் நடத்திய 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவியூ' இதழில் ராட்சசன் விளையாட்டுப் பூதமாகச் சேர்க்கப்பட்டான், அம்போடு சேர்த்து. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலுக்கு டேவிட் டிராம்பியர் என்ற ஓவியர் அவனை வரைந்தார். புலித்தலை, வீட்டில் சாய்ந்து உட்காரும் கனவான்கள் அணியும் மேலங்கி, கையில் புகைக்குழாய். அன்றிலிருந்து மேசையுலகில் ராட்சசன் என்றால் புலிமுகக் கனவான். பிற்பதிப்புகள் உள்ளங்கையைப் புறங்கைப் பக்கம் திருப்பி வைத்து அவனை இன்னும் விநோதமாக்கின.

தமிழ் வாசகர் இங்கே முகம் சுளிப்பது இயல்பு. பத்துத் தலை எங்கே, வீணை எங்கே, கயிலையைப் பெயர்த்த தோள் எங்கே என்று கேட்பார். கேட்கட்டும். ஆனால் எது தப்பி வந்திருக்கிறது என்று பார்த்தால், வந்தது வேற்றுரு ஒன்றே. மாரீசன் பொன்மானானதும், சூர்ப்பணகை பேரழகியாக வந்து நின்றதும் அந்த ஒரே குணம்தான். கடன் வாங்கியவர்கள் கந்தலாக வாங்கினாலும் முடிச்சு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புலித்தலை அலங்காரம், நம்பிக்கைக்குரிய முகம்தான் ஆயுதம். மந்திரித்த குறுக்குவில் அம்போ வால்மீகிக்கும் கம்பனுக்கும் தெரியாதது, முழுக்கத் தொலைக்காட்சிச் சரக்கு. எனினும் மேசைக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. அம்பு எங்கே கிடைக்கும், மந்திரிக்க எந்தப் பூசாரி ஒப்புக்கொள்வார், அந்தப் பூசாரியே ராட்சசனாக இருந்தால் என்ன செய்வது என்று மூன்று அமர்வுகள் ஓடும். ஒரு குணம், ஒரு மரணம்: பெயரொடு வந்தோனுக்கு இவ்விரண்டும் போதும்.

அற்றேல், தெய்வங்களையும் இவ்வாறே கொணரலாமோ எனின், கொணர்ந்து பார்த்தார்கள். 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற நூலில் இந்திரனுக்கும் காளிக்கும் இத்தனை ஹிட் பாயின்ட் என்று கணக்கு எழுதப்பட்டது. ஹிட் பாயின்ட் என்பது எவ்வளவு அடி வாங்கினால் ஆள் விழும் என்ற எண். எண் ஒன்று எழுதிவிட்டால், அதைச் சுழியமாக்கிப் பார்க்க உலகில் எங்கோ ஓர் ஆட்டக்காரர் பகடையோடு புறப்பட்டுவிடுவார். இது கெட்ட பொருத்தம். பக்தியால் சொல்லவில்லை, குணத்துக்குப் பதில் எடை போட்டதால் சொல்கிறோம்.

ஊரொடு வந்தோனுக்கு இலக்கியம் ஸ்ட்ராட் வான் சரோவிச். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் 1983இல் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' களத்தின் ரத்தக்காட்டேரிப் பிரபு. களம் என்பது நடத்துநர் எடுத்து நடத்த ஆயத்தமாக எழுதிவைத்த கதை. ஆட்டம் ஒன்றில் சுரங்கத்துக்குள் காரணமே இல்லாமல் ஒரு காட்டேரி எதிர்ப்பட, இவனுக்கு இங்கே என்ன வேலை என்று டிரேசி ஹிக்மனுக்குத் தோன்றியதாம். அந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததே ஸ்ட்ராடின் கோட்டையும், மூடுபனி சூழ்ந்த பள்ளத்தாக்கும், அவன் கொன்ற தம்பியும், தம்பிக்கு நிச்சயித்திருந்த பெண்ணும். டிராக்குலாவின் வழித்தோன்றல் என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஹிக்மன் தம்பதியர் செய்த திருத்தம் நுட்பமானது: ஸ்ட்ராட் இப்போது எங்கே இருக்கிறான், எதைத் தேடுகிறான், அவனை வீழ்த்தும் பொருள்கள் எங்கே கிடக்கின்றன என்பதை ஆட்டத்தின் தொடக்கத்தில் குறிசொல்லும் சீட்டுகளே தீர்மானிக்கும். முன்பே படித்துவிட்டு வந்த புத்திசாலி ஆட்டக்காரரின் புத்தி அங்கே செல்லாது. ஊரொடு வந்தோனை ஊரை விட்டுப் பெயர்க்கலாகாது என்பது விதி. ஸ்ட்ராடைக் கொண்டுபோய்த் துறைமுக நகரத்தில் வைத்தால் மிஞ்சுவது பல் நீண்ட மிராசுதார் ஒருவர்.

உறுப்பொடு வந்தோன் வெக்னா. 1976இல் வந்த துணைநூலில் இவனுடைய கையும் கண்ணும் மட்டும் மந்திரப் பொருள்களாக இடம்பெற்றன. ஆள் எப்போதோ செத்துப்போனவன் என்பது குறிப்பு. கையை வேண்டுவோர் தம் கையை வெட்டிக்கொண்டு இதை ஒட்டிக்கொள்ள வேண்டும், கண்ணுக்கும் அப்படியே. வெட்டிக்கொள்ள ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள் என்பதிலிருந்து இவர்களின் இயல்பை உணர்க. முழு ஆளாக வெக்னா மேடையேறிய களம் 1990இல்தான் வந்தது. கை முன்னே வர, உடம்பு 14 ஆண்டு பின்னே வந்தது. தொலைக்காட்சித் தொடரான 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2022இல் தன் வில்லனுக்கு இவன் பெயரை வாங்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்துவிட்டான். புதிய நடத்துநர்க்கு இவ்வகையை நாம் பெரிதும் பரிந்துரைப்போம். வில்லனை முதல் நாளே காட்டாதீர். அவன் செருப்பைக் காட்டுக.

கடையில் வாங்கியோன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகள் ஒரு பை கிடைத்தன. எந்த விலங்கு என்று எவருக்கும் விளங்காத அவற்றுக்கு ஆட்டத்தில் பெயரும் பசியும் கொடுக்கப்பட்டன. இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் அப்படிப் பிறந்தது. கவச வீரர்கள் டிராகனுக்கு அஞ்சுவதைவிட இதற்கு அதிகம் அஞ்சுவர். உயிர் போனால் மந்திரத்தால் மீட்கலாம்; கவசம் போனால் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

நால்வர்க்கும் பொது விதி: பெயர்க்கும்போது தலைகளின் எண்ணிக்கை, நிறம், குலம், காலம் எதையும் மாற்றலாம். அவன் எதை வேண்டுகிறான், எதை அறியாதிருக்கிறான் என்ற இரண்டை மாற்றலாகாது. ஸ்ட்ராட் தன்னை விரும்பாத பெண்ணை வேண்டுகிறான். விருப்பம் கட்டளையால் வராது என்பதை அறியான். வெக்னா உலகின் ரகசியமெல்லாம் வேண்டுகிறான். தன் தளபதி காஸ் முதுகுக்குப் பின்னால் வாளோடு நிற்பதை அறியான். வேட்கை கதையை நடத்தும். அறியாமை ஆட்டக்காரர்கள் நுழையும் வாசல். அறியாமை இல்லாத வில்லனைப் படைத்தவர் பூட்டிய வீட்டுக்கு விருந்தாளிகளை அழைத்தவர் ஆவார்.

பொறியியல்

ஒளிந்தது, விழுந்தது, புதைந்தது, உடைமை
ஆனது, இல்லா தானது என்றாங்கு
ஐவகைப் படுமே அயலகப் பொறியே.

ஒளிபொறி: மந்திரத்தின் வேடத்தில் இருப்பது. தீக்கோளம் வீசும் மந்திரத்துக்கு மந்திரவாதி பையில் வைத்திருக்க வேண்டியவை வௌவால் எச்சமும் கந்தகமும். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுப்பதுண்டு. கரித்தூள் சேர்த்தால் கருமருந்து. மின்னல் மந்திரத்துக்கு மிருக ரோமமும் கண்ணாடிக் கோலும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நிலைமின்சாரம் காட்டும் அதே சாமான். இவற்றை எழுதியவர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள் என்பது வெளிப்படை. தம் கிரேஹாக் உலகில் கருமருந்து வேலை செய்யாது என்று கைகாக்ஸ் விதித்திருந்தார். அவர் நண்பர் டான் கே ஆடிய மர்லிண்ட் என்ற மந்திரவாதியோ இடுப்பில் இரண்டு சுழல்துப்பாக்கிகளோடு திரிவான். விதிக்கும் நட்புக்கும் இடையில் கண்ட தீர்ப்பு: அவை துப்பாக்கிகள் அல்ல, துப்பாக்கி வடிவில் உள்ள மந்திரக்கோல்கள். வழக்காடு மன்றங்கள் பின்பற்றத்தக்க தீர்ப்பு இது.

வீழ்பொறி: வானத்திலிருந்து விழுந்தது. இவ்வகை இந்த ஆட்டத்தின் தொட்டில் காலத்திலேயே உண்டு. ஆர்னசன் தம் பிளாக்மூர் உலகுக்காக எழுதி 1975இல் அச்சான 'டெம்பிள் ஆஃப் த ஃப்ராக்' களத்தில், தவளைக் கோயிலின் தலைமைப் பூசாரியாக இருப்பவன் வேற்றுலகத்தான். பக்தர்கள் தெய்வ அருள் என்று எண்ணும் அவன் ஆற்றல்களில் பல வேற்றுலகக் கருவிகளின் வேலை. கோயில், பூசாரி, பொறி மூன்றும் ஒரே ஆளாக அமைந்த அந்த அமைப்பை இன்றுவரை எவரும் விஞ்சவில்லை என்பது நம் கருத்து.

ஆனால் வீழ்பொறிக்கு இலக்கண நூல் என்றால் அது கைகாக்ஸ் 1976இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கு எழுதி, 1980இல் வெளியிட்ட 'எக்ஸ்பெடிஷன் டு த பேரியர் பீக்ஸ்'. மலைக்குள் ஒரு குகை. உள்ளே போனால் உலோகச் சுவர். விபத்துக்குள்ளாகிச் செருகி நிற்கும் விண்கலம். பணியாட்கள் எப்போதோ நோயில் இறந்துவிட, ரோபோக்கள் இன்னும் கடமையாற்றுகின்றன. வாளும் மந்திரமும் மட்டுமே அறிந்த பாத்திரங்களை ஆடுபவர்களோ, வீட்டில் தொலைக்காட்சி வைத்திருக்கும் இருபதாம் நூற்றாண்டு ஆட்கள். ஒரு பொருளைத் துப்பாக்கி என்று நடத்துநர் சொல்லிவிட்டால் மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதை இயக்கத் தெரிந்துவிடும். பாத்திரத்தின் அறியாமை ஒரு நொடியில் ஆவியாகும். இதற்குக் கைகாக்ஸ் மூன்று பூட்டுப் போட்டார்.

முதல் பூட்டு, பெயர் மறுத்தல். களத்தோடு தனியாக ஒரு படப்புத்தகம். நடத்துநர் படத்தைத் தூக்கிக் காட்டுவார், பெயர் சொல்லமாட்டார். இரண்டாம் பூட்டு, பாதை வரைபடம். கருவியைக் கையில் எடுத்தவர் அது எப்படி இயங்கும் என்று அறிய, கிளை கிளையாகப் பிரியும் படத்தின் வழியே பகடை உருட்டி நகரவேண்டும். ஒரு கிளை 'விளங்கிவிட்டது' என்ற கட்டத்துக்குப் போகும். மற்றொன்று கருவியைத் தன் பக்கமே திருப்பிச் சுட்டுக்கொள்ளும் கட்டத்துக்குப் போகும். மூன்றாம் பூட்டு, மின்வில்லை. கருவிகள் ஓடுவது மின்னேற்றிய வில்லைகளால். வில்லை தீர்ந்தால் கையில் இருப்பது குழாய். ஆட்டக்காரர்கள் கலத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாலும், உலகின் சமநிலை சில வாரங்களில் தானே மீளும். கைமாறும் என்று தெரிந்தே, கைமாறியபின் சாகும்படி செய்யப்பட்ட பொறி. ஆட்ட நடத்துநர் நூலின் 2014 பதிப்பும் வேற்றுலகக் கருவிகளை அறிய அறிவுச் சோதனை வைக்கிறது. அது ஒற்றைப் பூட்டு.

புதைபொறி: முன்னொரு யுகத்தின் மிச்சம். 1975இல் வந்த 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' காட்டும் டெக்குமெல் உலகில், விண்வெளி நாகரிகம் ஒன்று அறுபட்டு விழுந்து, அதன் கருவிகளே இன்று மந்திரக் 'கண்கள்' என்று வழங்குகின்றன. வேறோர் உலகில் உள்ள கிளாண்ட்ரி என்ற மந்திரவாதிகளின் நாட்டை விவரிக்கும் 1987 நூல் இன்னும் கொடியது. நகரத்தின் அடியில் புதைந்திருக்கும் விண்கல எஞ்சினிலிருந்து சில மந்திரவாதிகள் ரகசியமாக ஆற்றல் உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் உலகத்தின் மந்திரம் சிறிது வடிந்துபோகிறது. வீழ்பொறி பயன்படுத்துபவன் விரலைச் சுடும். புதைபொறியோ பக்கத்து வீட்டுக்காரனின் கிணற்றை வற்றவைக்கும். நீண்ட நாள் ஓடும் ஆட்டத்துக்கு இதுவே உகந்தது.

உடைமைப்பொறி: பரவலாக இருப்பது, ஆனால் யாரோ ஒருவருக்குச் சொந்தமானது. 2002இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இந்த ஆட்டத்துக்குப் புதிய உலகம் ஒன்று வேண்டி அழைப்பு விடுக்க, 11,000க்கு மேற்பட்ட கருத்துருக்கள் வந்தன. தேர்வானது கீத் பேக்கரின் 'எபரான்'. 2004இல் நூலாயிற்று. இங்கே மந்திரமே தொழில்நுட்பம். பூதங்களைக் கட்டிவைத்து ஓட்டும் மின்னல் ரயில் ஒரு குலத்துக்கு, வான்கப்பல் மற்றொரு குலத்துக்கு, தொலைசெய்தி வேறொரு குலத்துக்கு என்று ஏகபோகம். எபரானில் கோட்டையும் மண்டையோடும் இல்லாமலே ஒருவன் வில்லனாகலாம். பயணச்சீட்டுக் கவுண்டரை மூடினால் போதும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகின் 'ஸ்மோக் பவுடர்' என்னும் மந்திரக் கருமருந்தும் இவ்வகையே. கைவினைத் தெய்வமான கோண்டின் அடியார்கள் அதைக் காபந்து செய்கிறார்கள். உடைமைப்பொறியை ஆட்டக்காரர்கள் களவாடினால் போலீஸ் வராது, வக்கீல் வருவார். சில மேசைகளுக்கு அது பிடிக்கும்.

இன்மைப்பொறி: இல்லாததே பொறியாவது. 1991இன் 'டார்க் சன்' உலகில் உலோகம் அரிது. எலும்பிலும் அப்சிடியன் கல்லிலும் ஆயுதம். அங்கே ஓர் இரும்புக் கத்தி மற்ற உலகங்களின் பீரங்கிக்குச் சமம். இவ்வளவே.

மயங்கியல்

பகையும் பொறியும் தனித்தனி நின்றால் நடத்துநர்க்குத் தூக்கம் உண்டு. இரண்டும் கலக்கும்போது நேர்வதை இவ்வியல் கூறும்.

கேட்டும் கண்டும் பட்டும் அறிந்த
பகைவன் கற்பன், பிறவழி அறிந்தால்
நடத்துநன் குற்றம், பகைவன்மேல் அன்றே.

உரை: வில்லன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு சண்டையிலும் தீக்கோளமே வீசினால், ஐந்தாவது சண்டையில் எதிரிகள் இடைவெளி விட்டு நிற்கவேண்டியதுதான். சிக்கல், அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது. ஆட்டக்காரர்கள் போன வாரம் ரகசியமாகத் தீட்டிய திட்டத்துக்கு இந்த வாரம் வில்லனிடம் மாற்று தயாராக இருந்தால், காட்டிக்கொடுத்தவர் ஒருவரே. அவர் மேசைத் தலைமாட்டில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார்.

ஆகவே படிகள் மூன்று. கேட்டறிந்தவன் வதந்தியால் அறிந்தவன். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் தயாராகி வருவான், அந்தத் தவறே சுவை. கண்டறிந்தவன் தப்பியோடிய அடியாள் சொல்லக் கேட்டவனும், தானே மறைந்திருந்து பார்த்தவனும். பட்டறிந்தவன் அடிவாங்கித் தப்பியவன். இவனே மிக ஆபத்தானவன், ஆட்டக்காரர்கள் மிக விரும்புபவனும் இவனே. தப்பி ஓடுகிறவர்களைத் துரத்திக் கொல்வதா விடுவதா என்ற கேள்விக்கு இதனால் திடீரென்று எடை கூடுகிறது.

கண்டறிந்தவளுக்கு எடுத்துக்காட்டு, 2015 முதல் இணையத்தில் ஒளிபரப்பான 'கிரிட்டிக்கல் ரோல்' ஆட்டத்தில் உண்டு. மேத்யூ மெர்சர் நடத்திய அந்த உலகில், டாலிசின் ஜாஃபி ஆடிய பெர்சி என்ற பாத்திரம் பழிவாங்கும் வெறியில் அவ்வுலகின் முதல் துப்பாக்கியைச் செய்கிறான். குழல்களில் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களைப் பொறித்து வைக்கிறான். அந்தப் பெயர்களில் ஒருத்தியான அன்னா ரிப்ளி அவன் கண்டுபிடிப்பைப் பார்த்துத் தானும் துப்பாக்கி செய்கிறாள். ஒருநாள் பெர்சி அவள் கையால் சாகிறான். பின்னர் உயிர்ப்பிக்கப்படுகிறான், இந்த ஆட்டத்தில் அது நடப்பதுதான். நம் பாயிர நூற்பா ஆட்டக்காரர் கைக்குப் பொறி போவதைச் சொன்னது. இங்கே பொறி ஆட்டக்காரர் கையில் பிறந்து பகைவர் கைக்குப் போகிறது. தொழில்நுட்பத்தைக் கற்பனை உலகில் புகுத்த இதைவிடச் செம்மையான வழியை நாம் காணவில்லை. உலகத்தை மாற்றியது நடத்துநரின் தீர்மானம் அன்று. ஆட்டக்காரர் செய்ததன் வினைப்பயன்.

பொறி பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. 1987இல் 'டிராகன்' இதழில் ராஜர் மூர் எழுதிய தலையங்கம் ஒன்று டக்கர் என்பவர் நடத்திய கோபால்டுகளைப் பற்றிச் சொல்கிறது. கோபால்டு என்பது ஒரே அடியில் சாகும் சுண்டைக்காய்ப் பூதம். டக்கரின் சுரங்கத்தில் அவை குறுகிய நடைகளைக் கட்டி, சுவரில் அம்புத் துளை வைத்து, கதவைப் பூட்டி, நெருப்பு மூட்டி, உள்ளே வந்த பெருவீரர்களைப் புகையில் ஓடவிட்டன. அரக்கர்கள் இருக்கும் அடித்தளமே மேல் என்று வீரர்கள் கீழே ஓடினார்களாம். அயல்நாட்டு இறக்குமதி எதுவுமில்லை; துளை, கதவு, தீ அவ்வளவுதான். லேசர் துப்பாக்கி தேடும் நடத்துநர் முதலில் தம் பூதங்களுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியுமா என்று பார்க்க.

பகையே பொறியாவதும் உண்டு. எபரானில் போருக்கென்று செய்யப்பட்ட உயிருள்ள இயந்திர வீரர்கள் வார்ஃபோர்ஜ்டு எனப்படுவர். நூறாண்டுப் போரை முடித்த உடன்படிக்கை அவர்களுக்கு விடுதலை தந்தது. புதிதாக எவரையும் செய்யக்கூடாது என்றும் விதித்தது. நேற்றுவரை கிடங்குச் சாமான், இன்று குடிமகன், பிள்ளை பெறும் வழி மட்டும் சட்டப்படி மூடப்பட்டவன். அவர்களைத் திரட்டும் 'லார்டு ஆஃப் பிளேட்ஸ்' வில்லனாகவே குறிக்கப்படுகிறான். ஆட்டக்காரர்களில் ஒருவரே வார்ஃபோர்ஜ்டு பாத்திரம் ஆடினால் அந்தக் குறிப்பு எத்தனை அமர்வு தாங்கும் என்பது ஐயம்.

வில்லன் எவ்வளவு வேகத்தில் கற்கலாம் என்பதற்கு ஒரு கருவி உண்டு. 2010இன் 'அபோகலிப்ஸ் வேர்ல்டு', 2017இன் 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆகியவை கடிகாரம் என்ற உத்தியைக் கையாள்கின்றன. தாளில் ஒரு வட்டம். அதைத் துண்டுகளாகப் பிரித்து, வில்லனின் திட்டம் ஒரு படி முன்னேறினால் ஒரு துண்டைத் தீட்டுவது. வட்டம் நிறைந்தால் பீரங்கி தயார். ஆட்டக்காரர்கள் காணும்படி வைத்தால் பதற்றம். மறைத்து வைத்தால் பழி. கண்ணெதிரே வைப்பதையே இந்நூல் விதிக்கும்.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதன இரண்டு.

ஒன்று, ஆட்டக்காரர் விதிகளிலிருந்தே செய்யும் பொறி. புகழ்பெற்றது குடியானவர் பீரங்கி. சண்டையில் ஒரு சுற்று ஆறு விநாடி. ஒருவர் தம் முறையில் பக்கத்தவரிடம் ஒரு பொருளைக் கொடுக்கலாம். எனவே ஆயிரக்கணக்கான குடியானவர்களை வரிசையில் நிறுத்தி ஒரு கழியைக் கைமாற்றினால், அது ஆறே விநாடியில் சில மைல் கடந்து, ஒலியைப் பின்னுக்குத் தள்ளி, கடைசி ஆளின் கையிலிருந்து டிராகன் நெஞ்சில் பாயுமாம். மறுப்பு எளிது. கழி நகர்வது விதியால்; பாய்வது இயற்பியலால். பாதி வழியில் சட்டம் மாற்றக் கூடாது. விதிப்படி கடைசிக் குடியானவர் எறிவது சாதாரணக் கழி. சேதம் நான்கு முகப் பகடை ஒன்று. விதிகள் இயற்பியல் அல்ல என்று 2024இன் நடத்துநர் நூலே எழுதிவைத்துவிட்டது. டிராகனின் பசி தீர எத்தனை குடியானவர்கள் வேண்டும் என்பதையும் ஆட்டக்காரர்கள் கணக்கிடுவது நன்று. அவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.

மற்றொன்று, வில்லனைப் பிடித்துக் கட்டிவைத்து விசாரிக்கப்போய், அவன் பேச்சு பிடித்துப்போய், ஆட்டக்காரர்கள் அவனை வேலைக்கு அமர்த்திக்கொள்வது. இவன் பகையியலுக்கு உரியனோ பொறியியலுக்கு உரியனோ எனின், பொறியியலுக்கே என்பது துணிபு. அவர்களிடம் இருக்கிறான், சொன்னால் இயங்குகிறான், எப்போது எந்தப் பக்கம் சுடுவான் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வகையில் வீழ்பொறி, மின்வில்லைக்குப் பதில் சம்பளம். மாதம் ஐம்பது தங்கக்காசு கேட்டுப் பேரம் பேசினால் கவலையில்லை, அமர்த்திக்கொள்ளலாம். பேரமே பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சிரித்தான் என்றால், நடத்துநர் கடிகாரத்தில் முதல் துண்டைத் தீட்டியாயிற்று என்று கொள்க.